சிப்பி அடுக்கிக் காத்திருந்த பெற்றோர்



பிள்ளைகளோடு கூடியிருந்து பார்க்கக்கூடிய ஒரு காட்டூன் படத்தை இம்முறை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் 2003 இல் வெளியிட்ட ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தில், மகனைத் தேடித் தகப்பன் மீன் கடல் கடந்து போனது. அதன் இரண்டாம் பாகமான ‘ஃபைண்டிங் டோரி’ 2016 இல் வந்தது. இதில் தேடிப் போவது பிள்ளை. எதையும் உடனே மறந்துவிடும் டோரி என்ற நீல மீன், சிறுவயதில் நீரோட்டத்தில் அள்ளுண்டு பிரிந்த தாய் தகப்பனைத் தேடிப் புறப்படுகிறது.

குறையுள்ளவர்களைக் காட்டும் விதமே படத்தின் பெரிய பலம். நீமோவுக்கு ஒரு செட்டை சிறியது. ஒக்டோபஸுக்கு எட்டுக் கைகளில் ஒன்று இல்லை. திமிங்கிலச் சுறாவுக்குப் பார்வை மங்கல். இவர்களுடைய குறைகள் கடைசியிலும் மாறுவதில்லை. இருப்பதை வைத்துக்கொண்டே வழி தேடுகிறார்கள். போரில் அவயவம் இழந்தவர்கள் உள்ள எமது வீடுகளில் பிள்ளைகள் இதைப் பார்ப்பது நல்லது.

ஆனால் அதே படம் ஒரு பறவையையும் ஒரு கடற்சிங்கத்தையும் மந்தமானவர்களாகக் காட்டிச் சிரிக்க வைக்கிறது. இது தான் சொன்ன பாடத்தைத் தானே கெடுப்பதாகும். ஒக்டோபஸ் லொறி ஓட்டும் கடைசிக் கட்டமும் முதற்படத்தின் இயல்புக்கு ஒட்டவில்லை.

மனதைத் தொடுவது பெற்றோரின் காத்திருப்பு. மகள் வழி கண்டு வரவேண்டுமென்று நாள்தோறும் சிப்பிகளை வரிசையாக அடுக்கிவைக்கிறார்கள். காத்திருப்பதும் ஓயாத வேலைதான் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியதை நாம் அறிவோம்.

படத்திலோ, பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்று டோரி நம்பிச் சில நிமிடங்களிலேயே அவர்கள் வந்து அணைத்துக்கொள்கிறார்கள். “எங்கட அப்பாவும் இப்படி வருவாரா அம்மா?” என்று உங்கள் பிள்ளை கேட்கலாம். ஆகவே பிள்ளையைத் தனியே பார்க்க விடாதீர்கள். கேட்டால் பேச்சை மாற்ற வேண்டாம். “வருவார்” என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். “தெரியவில்லை அப்பன், தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். நான் உன்னோடு இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். அது உண்மையான பதில். பிள்ளைக்கு அது ஆறுதலும் தரும்.