கிளம்பாத வண்டியும் கிளம்பாத புத்தியும்

மோட்டார் கார் என்பது எந்த ரிஷியும் தவம் செய்து வரவழைத்த வஸ்து அல்ல. மனிதன் கணக்குப் போட்டு, இரும்பை உருக்கி, கம்பி இழுத்துச் செய்த யந்திரமேயாகும். இப்படிப்பட்ட யந்திரமானது ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பியவுடன் செல்ஃப் மாத்திரம் "கர் கர்" என்று சுற்றிக்கொண்டிருந்து, இஞ்சின் பிடிக்காமல் போய்விடுமேயானால், அந்தச் சமயத்தில் நம் மக்கள் நடந்துகொள்ளும் மாதிரி இருக்கின்றதே, அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கின்றது.

வண்டிக்குச் சொந்தக்காரர் சாவியைத் திருப்பித் திருப்பி அரை மணி நேரம் செல்ஃபை அடிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் "பேட்டரி டவுன்" என்கிறார். எதிர்த்த கடைக்காரர் "தள்ளினால் கிளம்பும்" என்கிறார். பாட்டியம்மாள் திருஷ்டி என்கிறார். கடைசியாக மெக்கானிக் வருகிறார். பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் பார்க்கிறார். "பெட்ரோல் பம்ப் போயிருக்கும் சார்" என்கிறார். பம்பு மாற்றப்படுகிறது. வண்டி கிளம்பவில்லை. "அப்போ காயில் போயிருக்கும்." காயில் மாற்றப்படுகிறது. வண்டி கிளம்பவில்லை. "அப்போ கம்ப்யூட்டர்தான் போயிருக்கும்."

தோழர்களே! இந்தப் "போயிருக்கும்" என்னும் வார்த்தையைச் சற்று கவனியுங்கள். "போயிருக்கிறது" என்று சொல்ல வேண்டுமானால் ஒருவன் பார்த்திருக்க வேண்டும், சோதித்திருக்க வேண்டும், அளந்திருக்க வேண்டும். "போயிருக்கும்" என்று சொல்ல ஒன்றுமே வேண்டியதில்லை. வாய் இருந்தால் போதும். "உமக்குச் சனி பார்த்திருக்கும்" என்று சொல்லி நூறு ரூபாய் வாங்குகிறவனுக்கும், "பம்ப் போயிருக்கும்" என்று சொல்லிப் பதினாயிரம் ரூபாய் வாங்குகிறவனுக்கும் முறையில் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். இரண்டு பேருடைய சரக்கும் ஊகந்தான். முதலாமவனுக்குப் பரிகாரம் பலிக்கவில்லையானால் வேறொரு கிரகம் இருக்கிறது. இரண்டாமவனுக்கு வேறொரு சாமான் இருக்கிறது. செலவு மாத்திரம் இருவரிடத்திலும் நம்முடையதாகவே இருந்து வருகிறது.

இப்படிச் சொல்லுவதால் மெக்கானிக்குகள் எல்லோரையும் நாம் குறை கூறுவதாக யாரும் நினைக்க வேண்டாம். கையிலே மசியோடு வெயிலில் உழைக்கிறவர்களில், ஒரு விளக்கையும் இரண்டு கம்பியையும் வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் கோளாறைக் கண்டுபிடிக்கிற புத்திசாலிகள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்கு உரிய கூலியை நம்மவர்கள் கொடுப்பதில்லை என்பதே ஒரு தனிக் குற்றமாகும். சாமானுக்கு எண்ணாயிரம் ரூபாயை முனகாமல் கொடுக்கிற கனவான், "கண்டுபிடித்ததற்கு ஐந்நூறு" என்றால் சண்டைக்கு வருகிறார். அறிவுக்குக் கூலி இல்லை, சாமானுக்குத்தான் கூலி என்றால், சாமான் மாற்றுகிறவன்தானே பிழைப்பான்?

நிற்க, காரியத்துக்கு வருவோம்.

செல்ஃப் என்று நாம் சொல்லுவது, தானே சுற்றும்படி வைத்த மின்சார மோட்டார். 1912ஆம் வருஷத்துக் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் செய்த இந்தச் சாதனம் வருவதற்கு முன், முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகி ஆள் சுற்ற வேண்டியிருந்தது. இஞ்சின் திருப்பி உதைத்து மணிக்கட்டு முறிந்தவர்களும் உண்டு. ஆகவே செல்ஃபின் வேலை அந்தக் கைப்பிடியின் வேலை மாத்திரமே. அது நல்ல வேகத்தில் சுற்றுகிறது என்றால், பேட்டரியும் செல்ஃபும் பெரும்பாலும் யோக்கியமாய் இருக்கின்றன என்று அந்தக் கணமே தெரிந்துபோயிற்று. (சோம்பிச் சோம்பிச் சுற்றினால் சங்கதி வேறு. 12 வோல்ட் பேட்டரி சுற்றும்போது பத்துக்கும் வெகுவாகக் கீழே இறங்கிவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் வேலை செய்யாமலும் போகலாம்.) அப்படியிருக்க, நன்றாகச் சுற்றுகிற வண்டிக்குப் புதுப் பேட்டரி விற்கிறவனைப் பற்றி என்ன நினைப்பது?

பெட்ரோல் இஞ்சின் பிடிப்பதற்கு வேண்டியவை காற்று, பெட்ரோல், அமுக்கம், உரிய நேரத்தில் பொறி ஆகிய நான்கேதான். இந்த நான்கும் இருந்தால் பிடித்தே தீர வேண்டும். பிடிக்கவில்லையானால் நான்கில் ஒன்றோ இரண்டோ இல்லை என்பது நிச்சயம். எது இல்லை என்று பார்ப்பதற்குப் பெயர்தான் சோதனை. ஒன்றையும் பார்க்காமல் நான்கையும் விலைக்கு வாங்குவதற்குப் பெயர் வைதீகம்.

பார்ப்பது அப்படி என்ன பெரிய காரியம்? முதலில் சாவியைப் பாதி திருப்பிக் காதை வைத்துக் கேளுங்கள். இன்றைக்கு ஓடுகிற பெரும்பாலான பெட்ரோல் கார்களில், பின்ஸீட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு விநாடி "உய்ங்" என்று பம்பு ஓடும் சத்தம் கேட்கும். கேட்கவில்லையா? பம்பைக் கழற்றுவதற்கு முன் ஃபியூஸைப் பாருங்கள். அதே நம்பர் உள்ள வேறொரு ரிலேயைப் பிடுங்கி இதன் இடத்தில் மாட்டிப் பாருங்கள். அநேக வண்டிகளில் ஹாரன் ரிலே அதே நம்பராகவே இருக்கும். காசு செலவில்லாத சோதனை இது. அதற்கும் முன்னால், டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது மானக்கேடு அல்ல. முள் பொய் சொல்லுவதுண்டு.

பம்பு ஓடுகிறதென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்து சேருகிறது, எரியத்தான் இல்லை. பொறியைத் தேட வேண்டும். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. பொறியைப் பார்க்க அதற்கென்றே விற்கிற சோதனைக் கருவியை வைத்துப் பார்க்க வேண்டுமேயன்றி, வயரைக் கையில் பிடித்து "ஷாக் அடிக்கிறதா" என்று பார்க்கும் வீரம் வேண்டாம். அது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட சமாசாரம். பக்கத்திலே பெட்ரோல் ஆவியும் இருக்கும். பெட்ரோல் அளவுக்கு மீறி நனைத்துவிட்டிருந்தால், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சுற்றினால் அநேக வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மாத்திரம் விடும். பிளக் உலர்ந்து வண்டி பிடித்துக்கொள்ளும். இதற்கும் சல்லிக்காசு செலவில்லை.

இனி ருசியான இடத்துக்கு வருவோம். பொறியும் இல்லை, பெட்ரோல் தெளிப்பதும் இல்லை, இரண்டும் ஒருசேர இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "போயிருக்கும்"காரர் பம்பையும் மாற்றுவார், காயிலையும் மாற்றுவார். ஆனால் நன்றாய் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் சம்பந்தமில்லாத இரண்டு சாமான்கள் ஒரே இரவில் பேசிவைத்துக்கொண்டு சாகுமா? இரண்டுக்கும் பொதுவாக உத்தரவு கொடுக்கிற ஒன்றைத்தானே தேட வேண்டும்? கிராங்க் சென்சார் என்று ஒரு சிறு சாமான் இருக்கிறது. இஞ்சின் சுற்றுகிறது என்கிற செய்தியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லுவது அதுதான். அது ஊமையாகிவிட்டால், இஞ்சின் சுற்றினாலும் கம்ப்யூட்டருக்கு அது நின்றுகொண்டிருப்பதாகவே அர்த்தம். பொறியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. ஸ்கேனரை மாட்டிச் செல்ஃபை அடிக்கும்போது வேகம் பூஜ்யம் என்று காட்டினால் இதன்மேல் சந்தேகம் கொள்ளலாம். சூடேறினால் நின்றுபோய், ஆறினால் கிளம்புகிற வண்டிகளில் இந்தச் சென்சார்தான் பலமுறை குற்றவாளி. ஆறுவதற்குள் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டால் பெருமை பழத்துக்குப் போய்ச் சேருகிறது!

சாவியின் படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால், வண்டி சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சில வண்டிகள் அப்போதும் செல்ஃபைச் சுற்றவிட்டு, பெட்ரோலை மாத்திரம் நிறுத்திவிடும். வீட்டிலுள்ள இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்ப்பதற்கு எந்தப் பண்டிதனும் தேவையில்லை. வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல், தடையின்றி ஒரே சீராகவும் வேகமாகவும் செல்ஃப் சுற்றினால், டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் வரையில் மறுபடி சாவியைத் தொடக் கூடாது. சில இஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி, பெல்ட்டோடு போக வேண்டிய செலவு இஞ்சினையே கொண்டுபோய்விடும். டீசல் வண்டிக்குப் பொறியே கிடையாது. அங்கே டாங்கி வற்றியபின் குழாயில் புகுந்த காற்று, ஃபில்டரில் தண்ணீர் என்று வேறு கணக்கு.

ஒரு வண்டி வெனிலா ஐஸ்கிரீம் வாங்கிய நாட்களில் மாத்திரம் கிளம்ப மறுத்தது என்றும், கம்பெனி இஞ்சினீர் வந்து பார்த்து, வெனிலா வாங்கச் சிறிது நேரமே பிடிப்பதால் சூடு ஆறாமல் பெட்ரோல் ஆவி அடைத்துக்கொண்டது என்று கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ஆவி அடைப்பு என்பது உண்மையே. ஆனால் இந்தக் கதை நடந்ததற்கு ருசு கிடையாது. காலத்துக்குக் காலம் ரூபம் மாறி வருகிற கட்டுக்கதை. எதையும் ஆராய வேண்டும் என்று போதிக்கிற கதையை ஆராயாமலே ஆயிரம் பேருக்கு அனுப்புகிறார்கள் நம் படிப்பாளிகள்!

இனி ஸ்கேனர் என்னும் புதுத் தெய்வம். 1996ஆம் வருஷ மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கெல்லாம் ஒரே மாதிரியான 16 முள் சோதனை வாய் கட்டாயமாக்கப்பட்டது. இன்று நம் ஊர்க் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே அது இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே சாதாரண ஸ்கேனர் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் அது பி 0335 என்று காட்டினால் "கிராங்க் சென்சாரை மாற்று" என்று அர்த்தமல்ல. "அந்தச் சென்சாரின் சுற்றில் கோளாறு" என்றுதான் அர்த்தம். எலி கடித்த வயராயிருக்கலாம், துரு ஏறிய கனெக்டராயிருக்கலாம். நம்பரைப் பார்த்துச் சாமானை மாற்றுகிறவன் பஞ்சாங்கத்தைப் பார்த்து மருந்து கொடுக்கிறவனே. கையில் உள்ள பஞ்சாங்கம் மின்சாரத்தில் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

அன்றியும், சாதாரண ஸ்கேனருக்குத் தெரியாத அறைகள் பல இருக்கின்றன. சாவியைப் பதிவதும், சில சாமான்களைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்வதும், வயர்களின் படங்களும் கம்பெனிக்காரரின் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன. காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் வண்டியின் படத்தைப் பார்க்க உரிமையில்லையாம்! நம் நாட்டுப் போட்டி ஆணையம் 2014ஆம் வருஷம் ஆகஸ்டில், சாமான்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் நாட்டார் 2012இல் ஓட்டுப் போட்டே பழுதுபார்க்கும் உரிமையை வாங்கினார்கள். "காதால் கேட்டாலே பாவம்" என்று சொல்லிப் படிப்பை ஒரு கூட்டத்தார் பூட்டி வைத்திருந்த தேசத்தில் பிறந்த நமக்கு இந்தப் பூட்டு புதிதாய்த் தோன்ற வேண்டியதில்லை. தெருவோர மெக்கானிக்கை "போயிருக்கும்" என்று சொல்ல வைப்பதில் பாதிப் பங்கு இந்தப் பூட்டுக்கே உண்டு. படத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, வழி தெரியவில்லை என்று அவனைப் பரிகசிப்பது அயோக்கியத்தனமாகும்.

இதெல்லாம் கார் வைத்திருக்கும் பணக்காரர் பாடு, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். வாடகைக் கார் ஓட்டுகிற தோழர் யார்? மாதத் தவணை கட்டுகிற கூலிக்காரர்தான். மூன்று நாள் வண்டி நின்றால் அந்த மாதத் தவணை நின்றுபோகிறது. தேவையில்லாத பம்பின் விலை அவர் பிள்ளையின் பள்ளிச் சம்பளம்.

2015ஆம் வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நடந்ததைச் சொல்லுகிறோம். 2023 டிசம்பர் புயல் மழையிலும் அதுவே நடந்தது. தண்ணீர் வடிந்தவுடன் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியவர்கள் பலர். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது சுற்ற வைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். சாதாரண இன்ஷூரன்ஸில், இது வெள்ளம் செய்ததல்ல, நீர் செய்தது என்று சொல்லிக் கையை விரித்துவிடுவார்கள்; இஞ்சினுக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் வழி. மூழ்கிய வண்டியில் செய்ய வேண்டியது பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கயிறு கட்டி இழுத்துச் செல்வதுதான். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலைப் பார்த்து மாற்றிய பிறகே செல்ஃபைத் தொட வேண்டும்.

மற்ற நாட்களிலும் பத்து விநாடிக்கு மேல் செல்ஃபை அடிக்காதீர்கள், அதுவும் எரிந்துபோகும். மெக்கானிக் சாமான் கேட்டால், எந்தச் சோதனையில் அது தவறியது என்று கேளுங்கள். சோதனை செய்திருந்தால் அதற்கென்று தனியாகக் கூலி கொடுங்கள். மாற்றிவிட்டார் என்றால் கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள்.