துப்பாக்கி இனி ஊருக்கு வராது

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்மார்களுக்கும்,

மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். அப்பா காலமானபின் காவல் நிலையத்தில் ஒப்படைத்த இரட்டைக்குழல் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினீர்களாம். புரவியெடுப்புத் திருவிழாவில் சாமி கிளம்பும்போது நம் வீட்டுத் துப்பாக்கிச் சத்தம் கேட்காவிட்டால் ஊருக்கே குறை என்றும் சொன்னீர்களாம். பெரியப்பா மகன் சொன்னான். நான் மாற்றப்போவதில்லை. காரணத்தை ஒருவர் மூலம் சொல்லியனுப்பினால் நம்மூரில் அது வேறு கதையாகப் போய்ச் சேரும். அதனால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

அதன்மேல் எனக்கு ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள். பர்மிங்காமில் செய்த பன்னிரண்டு போர் ரகத் துப்பாக்கி அது. இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக முறுக்கி அடித்துச் செய்த குழல். வெயிலில் பிடித்தால் சாரைப்பாம்புத் தோல் மாதிரி வரியோடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அய்யா திண்ணையில் உட்கார்ந்து அதை மடித்து, குச்சியில் துணி சுற்றி எண்ணெய் விட்டுத் துடைப்பார். குழலுக்குள் அழுக்கு இருக்கிறதா என்று கண்ணை வைத்துப் பார்க்கிற வேலை எனக்கு. மற்ற பேரன்களைத் தொடவிட மாட்டார். அந்தப் பெருமை இன்னும் போகவில்லை.

ஆனால் அப்படிப்பட்ட குழலைக் கருமருந்துக்காகச் செய்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அதன் அழுத்தம் வேறு. முறுக்கின் இடுக்கில் துரு ஏறியிருந்தால் வெளியே தெரியாது. வெடித்தால் முதலில் போவது குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும் இடது கை. அப்பா திருவிழாவுக்குத் திருவிழா அதில் சுட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்தது அவர் செய்த புண்ணியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி வேட்டை விஷயத்துக்கு வருகிறேன். அய்யா சுட்ட பன்றிகளை இன்றும் டீக்கடையில் எண்ணுகிறீர்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை கூடுகிறது. தொடைக்கறி யார் வீட்டுக்குப் போனது, தலைக்கறி யாருக்கு என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். புதர் தட்டியவர்களுக்கு என்ன போனது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவர்கள் எல்லோரும் கிழக்குத் தெருக்காரர்கள். துப்பாக்கி மேட்டில் நிற்கும். அவர்கள் தடியும் தகரமுமாக முள்ளுக்குள் இறங்கி விரட்டி வருவார்கள். ஒரு முறை ரவை சிதறி அவர்களில் ஒருவர் முழங்காலில் ஏறியது. இரண்டு மூட்டை நெல்லோடு விஷயம் முடிந்தது. புகார் இல்லை, விசாரணை இல்லை. 'பன்றியென்று நினைத்து மாமனைச் சுட்ட கதை' என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். போன முறை வந்தபோது ரவை பட்டவரின் மகளைப் பார்த்து, ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்செடுத்தேன். "பணமெல்லாம் வேண்டாம் தம்பி. அந்தக் கதையச் சொல்லிச் சிரிக்கிறத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு சில விலங்குகளைச் சுடலாம் என்று இருந்த வழியும் அடைபட்டது. மாசியில் பாரி வேட்டை என்று நாயோடு முயல் பிடிக்கப் போகிறவர்களையே வனத்துறை எச்சரிக்கிற காலம் இது. ஆக, என் நினைவு தெரிந்து பல வருடங்களாக அந்தத் துப்பாக்கி எதையும் வேட்டையாடவில்லை. சுவரில் தொங்கியது. வரப்புத் தகராறு என்று வந்தவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு உழுதவர்கள் கணக்குக் கேட்கும்போது குரல் இறங்கியதும் அதனால்தான். நீங்கள் ஊர்க் கௌரவம் என்று சொல்வதில் பாதி அந்தப் பயம். அதைப் பரம்பரைச் சொத்தாக வாங்கிக்கொள்ள எனக்கு மனமில்லை.

சாமிக்கு முன்னால் ஒரே ஒரு வேட்டுத்தானே என்பீர்கள். 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, கோவிலிலோ கல்யாணத்திலோ கொண்டாட்டமாகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தேரடியில் அன்று நிற்கிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்திலேயே, வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாயில் அடைகிற நாரைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. அவர்கள் ஊருக்கு எந்தக் கௌரவமும் குறைந்ததாகத் தெரியவில்லை.

கடலைக்காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போவது உண்மைதான். அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் காப்புக் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட 2025இல் அரசு அனுமதித்தபோதும், சுடும் பொறுப்பை வனத்துறையினரிடம்தான் கொடுத்தது. என் பெயரில் உரிமம் இருந்தாலும் உங்கள் கடலையைக் காப்பாற்ற முடியாது. ஊராட்சி மூலம் எழுதிக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அவுட்டுக்காய் வெடி மட்டும் வைக்காதீர்கள். அது பன்றியையும் கடிக்கும், உங்கள் ஆட்டையும் நாயையும் கடிக்கும்.

நான் இருக்கும் நாட்டிலும் பல வீடுகளில் அப்பன் பாட்டன் துப்பாக்கி இருந்தது. 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன்பின் சட்டத்தை இறுக்கி, அரசு விலை கொடுத்து வாங்கி அழித்த துப்பாக்கிகள் சுமார் ஆறரை லட்சம். அவற்றில் எத்தனையோ பாட்டன் கொடுத்தவை. வரிசையில் நின்று கொடுத்தார்கள். நம்முடையது போன்ற இரட்டைக்குழலை இங்கே இன்றும் உரிமத்தோடு வைத்துக்கொள்ளலாம். ஆனால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு என்று எழுதினால் கொடுக்க மாட்டார்கள். நம் அய்யாவின் உரிமப் புத்தகத்தில் முதல் காரணமே அதுதான்.

இன்னொன்று. ஊரிலேயே இருக்கிற அக்காவிடம் இதுபற்றி ஒருவரும் கேட்கவில்லை. சட்டப்படி அவளும் வாரிசு. அவளைக் கேட்டிருந்தால் இவ்வளவு நீளமாக இல்லாமல் ஒரே வரியில் பதில் வந்திருக்கும். துப்பாக்கியை விற்பதற்கான சம்மதக் கடிதத்தில் அவளும் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

காவல் நிலையத்தில் காலம் கடந்து கிடந்தால் அரசே எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் அனுமதி வாங்கி, மதுரையில் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் விற்கப் பெரியப்பா மகனிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன். பெரிய விலை போகாது. நம்மில் உரிமம் உள்ள யாராவது காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ள வாங்குவதாக இருந்தால் பொங்கலுக்குள் அவனிடம் சொல்லுங்கள். குழல் விஷயத்தை மறக்க வேண்டாம். புரவியெடுப்புக்குக் குடும்பத்தோடு வருகிறேன். சாமி கிளம்பும்போது சத்தம் குறையாமல் இருக்க, கொட்டுக்காரர்களில் இன்னொரு செட்டுக்கு என் கணக்கில் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிள்ளை