பிரகடனத்தில் யார் பெயர்?

ஒரு பிரகடனத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்பது பண்டிதர்களின் விவகாரம், உழைப்பவர்களுக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. கியூபாவின் அனுபவத்தைப் பாருங்கள், தோழர்களே!

1961 ஏப்ரல் 15ந் தேதி, அமெரிக்க ஏகாதிபத்தியம் ஏவிவிட்ட விமானங்கள் கியூபாவின் விமானத் தளங்கள் மீது குண்டு வீசின. மறுநாள் ஹவானாவில், மாண்டவர்களின் இறுதிச் சடங்கில் பிடல் காஸ்ட்ரோ பேசினார். எதிரே துப்பாக்கி ஏந்திய மக்கள் படை. அன்றுதான் அவர் புரட்சிக்குப் பகிரங்கமாகப் பெயரிட்டார். இது சோஷலிஸ்ட் புரட்சி, ஜனநாயகப் புரட்சி, 'உமில்தெஸ்' என்போரின் புரட்சி என்றார்.

யார் இந்த உமில்தெஸ்? பாட்டாளிகளைக் குறிக்க ஸ்பானிஷ் மொழியில் 'புரோலெத்தாரியோ' என்ற சொல் இருக்கிறது. அதையே சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்கிறவர்கள் யார்? கரும்பு வெட்டி முடிந்ததும் மாதக்கணக்கில் வேலையின்றிக் கிடந்தவர்கள் அந்நாட்டில் ஏராளம். அந்த நாட்களுக்கு அவர்கள் வைத்த பெயரே 'செத்த காலம்'. 1953ம் ஆண்டுக் கணக்குப்படி 100க்கு 23 பேருக்கு மேல் எழுத்தறியாதவர்கள். 'உமில்தெ' என்றால் எளியவர். அது அவர்கள் வீட்டுச் சொல்.

அதற்கு மற்றொரு அர்த்தமும் உண்டு: அடங்கி நடப்பவர். எஜமானர்களுக்குப் பிடித்த அர்த்தம் அதுதான். துப்பாக்கியை உயர்த்திப் பிடித்த எளியவர்கள் முன்னால் அதே சொல் ஒலித்தபோது, அடக்கம் தொலைந்தது, உரிமை நிமிர்ந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எளிய சொல் வேண்டுமென்று பிடல் சோஷலிசத்தை மூடி மறைக்கவில்லை. கொள்கையின் பெயரைத் திட்டவட்டமாகச் சொன்னார். அது யாருடையது என்பதை அவர்கள் பாஷையிலேயே சொன்னார்.

ஏப்ரல் 17ந் தேதி கூலிப்படை ஹிரோன் கடற்கரையில் இறங்கிற்று. 19ந் தேதி அது முறியடிக்கப்பட்டது. சொல் மட்டும் போரை வென்றுவிடவில்லை. 1959ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் எளியவர்களுக்கு நிலம் கொடுத்திருந்தது. ஆகவேதான் அந்தச் சொல்லை அவர்கள் நம்பினார்கள்.

இதைத் தமிழில் 'பணிவானவர்கள்' என்று பெயர்த்தால் புரட்சியே காணாமற் போய்விடும். 'எளியோர்' என்றே நாம் சொல்வோம்.

பிரகடனம் எழுதும் தோழர் எவரும் ஒரு கேள்வியைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளட்டும்: இதற்காக உயிரைக் கொடுக்கப் போகிறவர்கள், இதில் தங்கள் பெயர் இருக்கிறதென்று அறிவார்களா?