கணாதரை நியூட்டனாக்கும் அவமதிப்பு

நியூட்டனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கணாதர் இயக்க விதிகளைச் சொல்லிவிட்டார் என்னும் கூற்று, சமூக ஊடகங்களிலிருந்து கருத்தரங்க மேடைகளுக்கும் ஏறிவிட்டது. இதைப் பரப்புவோர் பிரின்சிபியாவைப் படித்தவர்களாகத் தெரியவில்லை. அதைவிட வருந்தத்தக்கது, அவர்கள் கணாதரையும் படிக்கவில்லை என்பது.

வைசேடிக சூத்திரத்தின் ஐந்தாம் இயல் அம்பின் இயக்கத்தை ஆராய்கிறது. வில்லின் உந்துதலால் அம்பில் முதல் இயக்கம் பிறக்கிறது. அது அம்பில் ஒரு சம்ஸ்காரத்தை விளைவிக்கிறது. அடுத்தடுத்த இயக்கங்கள் அதனால் நிகழ்கின்றன. அது தீர்ந்ததும் குருத்துவத்தால் அம்பு வீழ்கிறது. பிரசஸ்தபாதர் இச்சம்ஸ்காரத்தை வேகம் என்று பெயரிட்டு விரிக்கிறார்.

இது கூர்த்த சிந்தனை; ஐயமில்லை. ஆனால் நியூட்டனின் கருத்துக்கு இது நேர்மாறானது. வைசேடிகத்தில் இயக்கம் தொடர்வதற்கே காரணம் தேவை. நியூட்டனிடம், நேர்கோட்டில் சீராகச் செல்லும் பொருள் தொடர்ந்து செல்ல எக்காரணமும் வேண்டியதில்லை. இயக்கம் மாறுவதற்கே விசை வேண்டும். கணாதர் மரபுக்கு உறவு தேட விரும்புவோர் ஆறாம் நூற்றாண்டின் பிலோபோனஸிடமும் பதினான்காம் நூற்றாண்டின் பூரிடானிடமும் தேடட்டும்.

விசை, நிறை, முடுக்கம் மூன்றையும் இணைக்கும் விதி ஓர் அளவுத் தொடர்பு. 10 நியூட்டன் விசை 2 கிலோகிராம் பொருளில் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் முடுக்கத்தைத் தரும். நிறை இரட்டித்தால் முடுக்கம் பாதியாகும். இங்கே நிறை என்பது இயக்க மாற்றத்தை எதிர்க்கும் பண்பின் அளவு. குருத்துவமோ வீழ்ச்சியின் காரணம். இரண்டையும் ஒன்றெனக் கொள்பவர், நிறைக்கும் எடைக்கும் வேறுபாடு அறியாத மாணவரின் பிழையையே செய்கிறார்.

நியூட்டனும் இன்றைய சமன்பாட்டை அப்படியே எழுதிவிடவில்லை. 1687-இல் அவர் கூறியது, இயக்கத்தின் மாற்றம் செலுத்தப்படும் விசைக்கு நேர்விகிதம் என்பதே. மூன்று அச்சுகளிலும் முடுக்கச் சமன்பாடுகளாக அதைப் பொதுமைப்படுத்தியவர், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், ஆய்லர். ஒரு விதி உருப்பெற இத்தனை காலமும் உழைப்பும் தேவைப்பட்டிருக்க, ஒற்றைச் சூத்திரத்தில் அது முழுதாய் இருந்தது என்பது வரலாற்றை மறுப்பதாகும்.

இழப்பு வகுப்பறையில்தான். மேலே எறிந்த பந்து கையை விட்டு நீங்கிய பின்னும் அதன்மேல் மேல்நோக்கிய விசை செயல்படுவதாகப் படம் வரையும் மாணவர்கள் ஏராளம். காற்றுத் தடையை விட்டுவிட்டால், அங்கே செயல்படுவது கீழ்நோக்கிய ஈர்ப்பு மட்டுமே. மாணவர் வரைவது ஏறத்தாழ வைசேடிகத்தின் வேகம். கணாதரை உள்ளபடி கற்பித்தால், அப்பிழை மூடத்தனமன்று, அறிவார்ந்தோர் நெடுங்காலம் ஏற்றிருந்த கருத்து என்பதையும், அதிலிருந்து இயற்பியல் எங்கே பிரிந்தது என்பதையும் மாணவர் ஒருசேர உணர்வர். பொய்ப்பெருமை அந்த வாய்ப்பையும் பறிக்கிறது.

பாடத்திட்டத்தில் கணாதர் இடம்பெறட்டும், கணாதராகவே இடம்பெறட்டும்.