டயருக்குப் பின்னால் கறுப்பு கிரீஸ்

இன்று ஒரு அபிப்பிராயம் சொல்ல வந்திருக்கிறேன். வழக்கம்போல் பாடமாக நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கார் கழுவும்போது இடது முன்சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக கிரீஸ் தெறித்திருந்தது. தென்காசியில் ஒரு பெரிய சர்வீஸ் நிலையத்தில் காட்டினேன். ஜாக்கி கூட வைக்கவில்லை. குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஆக்சில் போச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்” என்று எஸ்டிமேட்டை நீட்டினார்கள். என் பென்ஷனில் பாதி! விடையைப் படிக்காமல் மார்க் போடுகிற வேலை இது. பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்பாசடர், பத்மினி காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. எஞ்சினின் இழுவை பின்சக்கரத்துக்குத்தான் போகும். 1983-ல் மாருதி 800 வந்த பிறகுதான், முன்சக்கரமே இழுத்துக்கொண்டு திரும்பவும் வேண்டிய கார்கள் நம் தெருக்களில் பெருகின. அதற்காகச் சக்கரத்தின் அருகே ஒரு மூட்டு, நம் தோள்மூட்டு மாதிரி. உள்ளே ஆறு எஃகுக் குண்டுகள், சுற்றிலும் கறுப்பு கிரீஸ். அதை மூட, ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. பட்டறையில் ‘பூட்’ என்பார்கள். முதலில் கிழிவது பெரும்பாலும் அந்த ரப்பர்தான். கிரீஸ் வெளியே போவதைவிட, சாரல் நேரத்து ரோட்டுத் தண்ணீரும் மணலும் உள்ளே போவதுதான் கெடுதல். மணல் குண்டுகளை அரைத்துவிடும்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவர் செங்கோட்டை சாலையில் பட்டறை வைத்திருக்கிறார். அவர் முதலில் கிரீஸை விரலில் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்த்தார். கெட்டியாக இருந்தது. கியர்பாக்ஸ் ஆயிலோ பிரேக் ஆயிலோ என்றால் தண்ணியாக வழியும். பிறகு காலி இடத்தில் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து, இரண்டு பக்கமும் வட்டமடிக்கச் சொல்லிவிட்டு, கூடவே நடந்து காது கொடுத்தார்.

“டக் டக்னு சத்தம் இல்ல சார். கழட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

கழற்றி, டீசலில் கழுவி, ஒவ்வொரு குண்டையும் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். குழி விழவில்லை. குண்டு ஓடும் பள்ளங்களிலும் தேய்மானம் இல்லை. புது பூட், புது கிரீஸ், புது கிளாம்ப். ஆக்சிலை உருவும்போது கொட்டிய கியர் ஆயிலையும் மறக்காமல் அளந்து ஊற்றினார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

குண்டில் குழி இருந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், அங்கே கஞ்சத்தனம் கூடாது. ஓட்டத்தில் மூட்டு உடைந்தால் இழுவை நின்றுவிடும். ஆரியங்காவு ஏற்றத்தில், லாரிகளுக்கு நடுவே, குழந்தைகளோடு நிற்க வேண்டியதுதான். “சத்தம்தானே” என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாப்பிள்ளை, உங்களைத்தான்.

இன்னொன்று. இவரைத்தான் ஒருநாள் வகுப்பில், “நீ ஸ்பேனர் பிடிக்கத்தான் லாயக்கு” என்று திட்டினேன். அவர் மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. தொட்டு, கேட்டு, பிரித்துப் பார்த்து, அதன் பிறகுதான் முடிவு சொன்னார். நான் அறிவியல் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதும் அதைத்தானே! எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை, ஆகவே எல்லோர் முன்னாலும் திரும்பப் பெறுகிறேன்.

குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் கிளம்பும் முன் ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்தி, டார்ச் அடித்து அந்த ரப்பரை ஒரு தடவை பாருங்கள். என் வண்டியில் வலது பக்க பூட்டிலும் லேசாக விரிசல் இருக்கிறதாம். வியாழக்கிழமை மறுபடி போகிறேன்.