முதுகில் ஒரு வெண்திட்டு

கபில நிறக் குதிரையொன்றின் முதுகிலே, சேணம் அமருமிடத்தில் வெண்திட்டுகளைக் கண்டால், அதனைப் பிறவியழகென்று எண்ணி வியந்துவிடாதீர்கள். பொருந்தாத சேணம் ஓரிடத்தையே ஓயாது அழுத்துவதால் அங்கு இரத்தவோட்டம் தடைப்படுகிறது. மயிருக்கு நிறமூட்டும் உயிரணுக்கள் மடிகின்றன. பின்னர் முளைப்பது வெண்மயிரே. 1966இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கீத் ஃபாரெல், கடுங்குளிரூட்டிய முத்திரையால் இவ்வணுக்களையே அழித்து, விலங்குகளுக்கு அடையாளமிடும் முறையை வகுத்தார். அவர் வேண்டுமென்று செய்ததைச் சேணம் வேண்டாமலே செய்துவிடுகிறது.

சேணம் இறுக்கமென்று கண்டதும், அதன்கீழ் இன்னொரு கம்பளியை மடித்து வைப்பாரும் உளர். இறுகிய சப்பாத்துக்குள் இரண்டாவது காலுறை அணிவது போலத்தான்! வெண்மயிர் தோன்றும்போது நோவு பல வாரம் பழையதாகியிருக்கும். பின்பு சேணத்தை மாற்றினாலும் அத்திட்டுப் பெரும்பாலும் மறைவதில்லை.