நடந்தவர்க்கே வழி

வன்னியின் முன்னேற்றம் குறித்து வவுனியாவில் நடந்த கூட்டமொன்றுக்கு அண்மையில் நானும் சென்றிருந்தேன். தலைநகரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் வண்ணப் படங்களைக் காட்டி உரையாற்றினார். ஆற்றோரங்களிலும் குளக்கட்டுகளிலும் காடுகளிலும் நடைவழிகள் அமைக்க வேண்டும். தோளிலே பையும் கையிலே கோலுமாக வெளிநாட்டார் வருவர். அவர்களோடு டொலரும் வரும் என்றார். மலையகத்தின் 'பீக்கோ' நடைவழியை முன்மாதிரியாகக் காட்டினார். உரை முடிந்ததும் பின்வரிசையிலிருந்த முதிய கமக்காரர் ஒருவர் எழுந்து, "ஐயா, அவை வந்து நடக்கிறதுக்கு முதல் நாங்கள் நடக்கலாமோ?" என்று கேட்டார். சபையில் சிரிப்பு எழுந்தது. விடை எழவில்லை.

சிரித்துத் தள்ளிவிடும் கேள்வியன்று அது. அதற்கு விடை கூறாமல் வன்னியில் ஓர் அடி நடைவழியேனும் அமைக்க எவருக்கும் உரிமையில்லை என்பதே என் வாதம்.

நடைப் பயணத்தை நான் வெறுப்பவனல்லன். மாணவரைக் காட்டுக்கு அழைத்துச் சென்று, பாலை எது, வீரை எது, முதிரை எது என்று காட்டுவதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. வன்னியில் வானளாவிய மலைகள் இல்லை; இருப்பவை காட்டின் நடுவே தலைகாட்டும் பாறைக் குன்றுகள். ஆறுகளும் மாரியில் பெருகிக் கோடையில் மணலாய்க் கிடப்பவை. கனகராயன் ஆறு வடக்கே சென்று இரணைமடுவை நிரப்புகிறது. பேராறு முத்தையன்கட்டுக்கு நீர் தருகிறது. பாலியாறு மேற்குக் கடலை நாடுகிறது. இவற்றின் கரையோரங்களில் வழிகள் புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. தேன் எடுப்பவன் நடந்தான். பாலைப்பழம் பொறுக்கும் பெண் நடந்தாள். பட்டி மாடுகளின் பின்னே இடையன் நடந்தான். வற்றாப்பளைக் கண்ணகியின் வைகாசிப் பொங்கலுக்கு, உப்புநீரில் விளக்கெரிப்பதற்காக முல்லைத்தீவுக் கடலில் நீர் அள்ளி முள்ளியவளைக்குச் சுமந்து செல்லும் வழி இன்றும் உண்டு. செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமம் நோக்கிப் புறப்படும் அடியார்களும் முல்லைத்தீவு வழியாகவே நடக்கின்றனர். இவ்வழிகளை எந்த நிபுணரும் வரைபடத்தில் வரைந்து தரவில்லை. மக்களின் பாதங்களே வரைந்தன.

நிபுணர் காட்டிய முன்மாதிரியையே எடுத்துக்கொள்வோம். கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி 22 பகுதிகளைக் கொண்டது. 300 கிலோமீற்றருக்கும் நீளமானது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் தந்தன. ஆங்கிலேயர் காலத்தில் தேயிலையைக் கொண்டுசெல்ல வெட்டப்பட்ட தோட்டப் பாதைகளே இன்று நடைவழியாயின. நன்று. ஆனால் அப்பாதைகளை வெட்டிய கைகள் எங்கிருந்து வந்தன?

அவை வன்னியின் ஓரமாகவே வந்தன! 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்டபோது, தமிழ்நாட்டு ஏழைகள் மன்னார்க் கரையில் இறங்கி, செட்டிகுளப் பக்கத்துக் காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்றனர். பசியும் வாந்திபேதியும் காட்டு விலங்கும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. அந்த மரணங்களின் நினைவாக, 200 ஆண்டு நிறைவையொட்டி 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட மலையக மக்கள் 16 நாட்கள் நடந்து ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தனர். நிலமும் வீடும் சம உரிமையும் கேட்டே அவர்கள் நடந்தனர். இந்நாட்டின் நெடுநடை வரலாற்றில் முதலில் எழுதப்பட வேண்டியது அந்த நடையே. பீக்கோ வழியில் நடப்பவன் தேயிலைச் சரிவின் அழகைப் படம் பிடிக்கிறான். அதே சரிவில் லயத்துக்குத் திரும்பும் தொழிலாளிக்குத் தான் குடியிருக்கும் மண் சொந்தமாவது இன்னும் போராட்டமாகவே இருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுத்து நிரூபிக்கப்படும்வரை, அரசுக்கே உரியவை என்று கொண்டது. சேனைப் பயிர் செய்த கிராமவாசியிடம் உறுதி ஏது? பத்திரம் ஏது? அவன் நிலம் முடிக்குரியதாயிற்று. முடியின் நிலம் தோட்டக்காரனுக்குரியதாயிற்று. முடி போய்விட்டது. ஆயினும் காடென்றால் கிராமத்தானை அந்நியனாகக் காணும் அந்தக் கண் இன்னும் மூடவில்லை. தனியார் காணியில் 10 ஆண்டு இடையறாது நடந்தால் வழியுரிமை கோரலாம் என்கிறது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். அரச காணிக்கு எதிராகவோ அந்த வாதம் செல்லாது. பாட்டன் நடந்த பாதையில் எல்லைக் கல் நடப்பட்டால், பேரன் அத்துமீறுபவனாகிவிடுகிறான்.

இது ஏட்டுச் சட்டத்தோடு நிற்கவில்லை. போர் முடிந்த பின் கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்குள் போக முடியாமல் மாதிரிக் கிராமத்தில் குடியமர்த்தப்பட்டனர். இராணுவம் பிடித்திருந்த காணியை மீட்க 2017 மார்ச்சில் அவர்கள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. நெடுங்கேணியை அடுத்த வெடுக்குநாறி மலைக்கு 2024 மார்ச் 8ஆம் நாள் சிவராத்திரி வழிபாட்டுக்குச் சென்றோரில் எண்மர் கைதாயினர். 11 நாட்களின் பின்னரே வவுனியா நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குன்றை நோக்கிய நடை கிராமத்தானுக்குக் குற்றம். வெளிநாட்டானுக்கு மட்டும் உல்லாசமாகுமோ?

நடை என்ற சொல்லே வன்னியில் கனமானது. 2009இல் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஊரூராக நடந்தவர்கள் நாங்கள். அந்த நடையின் முடிவில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோரை முட்கம்பிக்குள் அடைத்த மெனிக் பாமும் அதே செட்டிகுளத்திலேயே இருந்தது. 2012 செப்டம்பரிலேயே அது மூடப்பட்டது. மீண்டு வந்தவர்கள் தம் பாதையில் கால் வைக்கவும் மிதிவெடிக்கு அஞ்சினர். அங்குலம் அங்குலமாக மண்ணைத் துழாவி அந்த அச்சத்தை அகற்றியவர்களுள் வன்னிப் பெண்கள் பலர். அப்படித் திறக்கப்பட்ட வழிக்கு நுழைவுச் சீட்டு விற்க வருகிறவர், முதலில் அப்பெண்களின் முகத்தைப் பார்க்கட்டும்.

"காடு அழியுமே, யானை வருமே" என்று சிலர் நல்லெண்ணத்தோடு கேட்பர். உண்மை, காடு காக்கப்பட வேண்டியதே. ஆனால் காட்டை அழித்தவன் தேன்சட்டியோடு சென்றவனா, இரவில் பார ஊர்தியில் முதிரை ஏற்றிச் சென்றவனா? யானை வரும் நேரத்தை அறிந்தவன் எவன்? "தொழில் கிடைக்குமே" என்பது அடுத்த வாதம். எத்தகைய தொழில்? தன் வழியில் தானே சுமைகாரனாகவும் விடுதிப் பணியாளனாகவும் நிற்பதா? வழியின் ஆட்சி ஊரிடம் இருந்தால் வருமானமும் ஊரிடம் இருக்கும். அன்றேல் ஊருக்குக் கூலி மட்டுமே மிஞ்சும்.

நடைப் பயணத்தின் தாயகமெனப் புகழப்படும் இங்கிலாந்தைப் பாருங்கள். 1932 ஏப்ரல் 24ஆம் நாள், மாஞ்செஸ்டர்ப் பகுதித் தொழிலாளர் சில நூற்றுவர், பிரபுவின் பறவை வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மலைமீது தடையை மீறி ஏறினர். முன்னின்ற பென்னி ரொத்மன் 20 வயது இளைஞர், இளம் கம்யூனிஸ்டு. ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000இல் திறந்த நிலங்களில் நடக்கும் உரிமை சட்டமாயிற்று. 2002இல் அப்பிரபுவின் வழித்தோன்றலே அன்றைய செயலுக்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். சுற்றுலா விளம்பரங்களிலே பசுமையாகத் தோன்றும் அந்த மலைவழிகள் சிறை சென்ற தொழிலாளரின் வெற்றி. நிபுணர்கள் அங்கிருந்து கோலையும் பையையும் இறக்குமதி செய்ய விரும்புகின்றனர். உரிமையை மட்டும் கரையிலேயே விட்டுவிடுகின்றனர்.

ஆகவே நம் கோரிக்கை எளிது. ஊரார் நடந்த வழிகளை ஊராரைக் கொண்டே அளந்து பதிவு செய்க. அவ்வழிகளில் அவர்களுக்குள்ள உரிமையை, அரச காணியிலும் செல்லுமாறு, சட்டமாக்குக. படையினர் பிடித்துள்ள மக்கள் காணிகளையும் பாதைகளையும் திறந்துவிடுக. அதன் பின் விருந்தினர் வரட்டும். வன்னி எந்நாளும் வந்தவனுக்குச் சோறிட்ட நாடு.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. உங்கள் ஊர் முதியவரோடு ஒருநாள் நடந்து செல்லுங்கள். எந்தத் துறைக்கு, எந்தக் கோயிலுக்கு, எந்தக் குளத்துக்கு எவ்வழி சென்றது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அந்தக் கமக்காரர் கேட்ட கேள்வி இன்னொரு கூட்டத்தில் மீண்டும் எழும். அப்போது அவர் கையில் அந்த வரைபடமும் இருக்கட்டும்.